நாடகத்தில் இல்லாத மகுடம்

ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1889இல், ஆங்கில நடிகை எலன் டெர்ரியை லேடி மேக்பெத் வேடத்தில் வரைந்த ஓவியத்தைப் பற்றிப் பேசும் பலர் ‘பதவி வெறி பிடித்த லேடி மேக்பெத்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை.

இரண்டு கைகளாலும் மகுடத்தைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கிறாரே, அந்தக் காட்சி ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தில் கிடையாது. 1888 டிசம்பரில் நடிகர் ஹென்றி இர்விங் அதை லண்டன் லைசியம் அரங்கில் மேடையேற்றியபோதும் கிடையாது. சார்ஜென்ட்டின் கற்பனை அது. கணவன் அரியணை ஏறுவதற்காக லேடி மேக்பெத் கொல்லத் தூண்டும் மன்னர் டங்கனை வரவேற்க, அவள் கோட்டையிலிருந்து வெளியே வருவதை வரையலாமா என்றும் யோசித்துப் பார்த்து, அதைக் கைவிட்டிருக்கிறார். ஆக, மேடையில் நடந்ததை அப்படியே பதிவு செய்வது அவர் நோக்கமல்ல.

மகுடம் இன்னும் தலையைத் தொடவில்லை. சூடப்போகிறாளா, கழற்றுகிறாளா என்றுகூடச் சந்தேகம் வரும். கண்கள் மகுடத்தையும் பார்க்கவில்லை, நம்மையும் பார்க்கவில்லை. வெளிறிப்போன அந்த முகத்தில் எனக்குத் தெரிவது ஆசையல்ல. ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டதே என்ற திகில்.

உடையையும் பாருங்கள். பச்சையும் நீலமுமாக மின்னுவது நிஜமான பொன்வண்டுச் சிறகுகள். ஆயிரத்துக்கும் மேல் தைத்திருக்கிறார்கள். (அந்த உடை இன்றும் கென்ட்டில் டெர்ரி வாழ்ந்த வீட்டில் இருக்கிறது.) உடல் முழுக்க அத்தனை பளபளப்பு இருப்பதால்தான் முகத்தின் வெறுமை இப்படி அறைகிறது.

இதே டெர்ரியை 1864இல் ஜி. எஃப். வாட்ஸ் வரைந்திருக்கிறார். பதினேழு வயதுகூட நிரம்பாத பெண்ணை மணந்துகொண்ட நாற்பத்தாறு வயது ஓவியர். அந்தப் படத்தில் அவள் மணமில்லாத பகட்டான கமெலியாவை முகர்கிறாள். இன்னொரு கையில் எளிய வயலட் பூக்கள். மேடைப் பகட்டா, அடக்கமான வாழ்வா, தேர்ந்தெடு என்கிறது படம். எனக்கு அது எரிச்சலூட்டும் ஓவியம், எவ்வளவு அழகாக இருந்தாலும். அந்த மணவாழ்வு ஓராண்டுகூட நீடிக்கவில்லை. வாட்ஸ் அவளுக்குப் புத்தி சொன்னார். சார்ஜென்ட் அவள் நடிப்பைப் புரிந்துகொள்ள முயன்றார்.

டெர்ரி லேடி மேக்பெத்தைக் கணவன்மேல் உயிரையே வைத்திருக்கும் மனைவியாகத்தான் நடித்தார். பாத்திரத்துக்குப் பொருந்தாத மென்மை என்று விமர்சகர்கள் சிலர் குறை சொன்னார்கள். தன் நடிப்பில் கொண்டுவர விரும்பியதையெல்லாம் சார்ஜென்ட் இந்தப் படத்தில் உணர்த்திவிட்டார் என்று பின்னாளில் தன் நினைவுக்குறிப்புகளில் டெர்ரியே எழுதினார். அவர் விரும்பியது வெறும் வெறியைக் காட்டுவதுதான் என்றால், மென்மைக்காக அத்தனை பேச்சு வாங்கியிருக்க மாட்டார்.