ஆமாம், இரைப்பையை வெட்டித்தான் எடை குறைத்தேன்

அந்த எடைக்குறைப்புக் குழுவில் முந்தாநாள் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு மறுபடி கதை சொல்லத் தேவையில்லை. அறுவை சிகிச்சையில் எடை குறைத்த தோழி போட்ட படத்தை, அட்மின் அண்ணா, நீங்கள் நீக்கியதுகூடப் பரவாயில்லை, குழு உங்களுடையது. ஆனால் கீழே ஒரு விளக்கம் எழுதினீர்களே, "இங்கே உழைத்துக் குறைத்தவர்களுக்கு மட்டுமே இடம்" என்று, அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அதற்கு ஹார்ட் போட்டவர்களில் சிலர் என் நட்புப் பட்டியலிலும் இருக்கிறீர்கள். பார்த்துக்கொண்டேன்.

நானும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவள்தான். தெரியாதவர்கள் இப்போது தெரிந்துகொள்ளுங்கள். ஸ்லீவ் என்கிற எடைக்குறைப்பு அறுவை செய்தேன். இரைப்பையில் ஏறக்குறைய 80 சதவீதத்தை வெட்டி வெளியே எடுத்துவிட்டு, மீதியை ஒரு குழாய் அளவுக்கு விட்டு வைப்பார்கள். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. இது வைத்தியம். எனக்கு இருந்த ஒரு நோய்க்கு நான் பார்த்துக்கொண்ட வைத்தியம். இதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. உங்கள் போட்டியில் பரிசும் கேட்கவில்லை.

"வாயை அடக்க முடியாததெல்லாம் ஒரு நோயா?" என்று ஒருவர் சிரித்து வைத்திருந்தார். நீங்கள் சிரித்தாலும் உலக சுகாதார அமைப்பு உடல் பருமனை நாள்பட்ட நோய் என்றுதான் சொல்கிறது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 2013லேயே அதை நோய் என்று ஏற்றுக்கொண்டது. இதயத்தில் பைபாஸ் செய்துகொண்டு வீட்டுக்கு வந்தவரிடம் போய், "நீங்கள் ஒழுங்காக நடந்திருந்தால் அடைப்பு வந்திருக்காது, இது ஏமாற்று வேலை" என்று சொல்வீர்களா? சொல்ல மாட்டீர்கள். பையில் ஏதாவது வாங்கிக்கொண்டு போய் நலம் விசாரிப்பீர்கள். எங்களிடம் மட்டும் கணக்குக் கேட்பீர்கள்.

சரி, உழைப்புக்கு வருகிறேன். எடை குறைப்பதில் எனக்கு அனுபவம் இல்லை என்றா நினைக்கிறீர்கள்? சின்ன வயதிலிருந்து குறைத்துக்கொண்டுதான் இருந்தேன். பட்டினி, நடை, ஜிம், ஒவ்வொரு கவளத்தையும் எழுதி வைக்கும் நோட்டு, எல்லாம் பார்த்தாயிற்று. குறையவும் செய்தது. அப்புறம் ஏறியது, குறைந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக. எடை குறைந்தால் உடம்பு அதைப் பஞ்சம் என்றுதான் புரிந்துகொள்கிறது. போதும் என்று சொல்கிற லெப்டின் என்ற ஹார்மோன் சரிகிறது, பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் ஏறுகிறது, எரிக்கிற சக்தியையும் உடம்பு குறைத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் ஒரு டிவி எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை 6 ஆண்டுகள் கழித்துச் சோதித்தார்கள். 2016ல் அந்த ஆய்வு வெளிவந்தது. பெரும்பாலோருக்கு எடை திரும்ப ஏறிவிட்டது. ஏறிய பிறகும் அவர்கள் உடம்பு எரிக்க வேண்டிய அளவைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது. கேமரா முன்னால் மணிக்கணக்கில் வேர்வை சிந்தியவர்கள் அவர்கள். அவர்களுக்கும் உழைப்புப் போதவில்லை என்று அட்மின் அண்ணன் தீர்ப்புச் சொல்வாரா என்று தெரிந்துகொள்ள ஆசை.

ஒன்று சொல்கிறேன், இதை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை. கிரெலின் பெரும்பாலும் சுரப்பது இரைப்பையின் மேல்பகுதியில். ஸ்லீவில் வெட்டி எடுப்பது அந்தப் பகுதியைத்தான். அறுவை முடிந்து ஓரளவு தேறி வந்த காலத்தில் ஒருநாள் ஏதோ வேலையில் இருந்தேன். கடிகாரத்தைப் பார்த்தால் மதியம் தாண்டியிருந்தது. சாப்பாட்டு நினைப்பே வரவில்லை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒல்லியாக இருப்பவர்கள் இப்படித்தான் வாழ்கிறார்களா? தலைக்குள் யாரும் கத்தாமல்? இந்த அமைதியை வைத்துக்கொண்டா இத்தனை வருடம் எனக்கு மன உறுதி பற்றிப் பாடம் எடுத்தீர்கள்? பசிக்காதவர் சாப்பிடாமல் இருப்பது சாதனை, பசித்தவர் சாப்பிட்டது குற்றம். நல்ல நியாயம்.

இனி அந்தச் 'சுலபமான வழி'. அறுவைக்கு முன்பே கல்லீரல் சுருங்குவதற்காகக் கடுமையான உணவுக் கட்டுப்பாடு. அறுவை முடிந்ததும் ரத்தம் கட்டிக்கொள்ளக் கூடாது என்று, மயக்கம் சரியாகத் தெளிவதற்குள் எழுந்து நடக்கச் சொல்வார்கள். அறுவைக்காக வயிற்றுக்குள் செலுத்திய வாயு தோள்பட்டையில் வந்து வலிக்கும் என்பது நடந்து பார்த்தபோதுதான் உறைத்தது. வாரக்கணக்கில் வெறும் திரவம், அப்புறம் மசித்தது, அப்புறம்தான் மெல்லுகிற மாதிரி ஏதாவது. தண்ணீரைக்கூட மடக்கென்று குடிக்க முடியாது, உறிஞ்ச வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, சாப்பிட்டும் அரை மணி நேரம் கூடாது. நாளுக்கு 60 கிராம் புரதமாவது உள்ளே போக வேண்டும், அது போகிற இடமோ உள்ளங்கையளவு. ஒரு வாய் கூடினாலும் வெளியே வந்துவிடும். மூன்றாம் நான்காம் மாதத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுளுக்கும். குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தப் பரிசோதனையும் அப்படியே. அவசரப்பட்டு ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளக்கூட யோசிக்க வேண்டும். இதைத்தான் உழைக்காமல் குறைத்தது என்கிறீர்கள்.

அந்த நாட்களில் என்னைப் பார்க்க அத்தை வந்தார். கையில் சின்னக் கிண்ணத்தோடு, ஸ்பூன் ஸ்பூனாக விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "ஏம்மா, கொஞ்சம் வாயைக் கட்டியிருந்தா இந்த அறுப்பெல்லாம் தேவையா?" என்றார். பாசத்தில்தான் கேட்டார், அது எனக்குத் தெரியும். அத்தையை மன்னித்துவிடலாம், அவருக்கு இணையம் கிடையாது. தேடிப் படிக்க எல்லா வசதியும் வைத்துக்கொண்டு அதையே பதிவாக எழுதுபவர்களை என்ன செய்வது?

"அப்படியானால் எல்லோரையும் அறுவை மேஜையில் படுக்கச் சொல்கிறாயா?" இல்லை. அப்படி யாருமே சொல்லவில்லை, இந்தக் கேள்வியைக் கேட்பதை முதலில் நிறுத்துங்கள். இதற்கென்று பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) வரம்பு, கூட இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத் தடை என்று எல்லாம் பார்த்துத்தான் டாக்டர்கள் முடிவெடுக்கிறார்கள்.

"ஆபத்து இல்லையா?" இருக்கிறது. வெட்டித் தைத்த இடத்தில் கசிவு, ரத்தப்போக்கு, நுரையீரலில் ரத்தக்கட்டி, எல்லாம் கையெழுத்துப் போடும் முன் சொல்லித்தான் வாங்கினார்கள். வீட்டில் யாரும் அன்றிரவு தூங்கவில்லை. ஆனால் ஒன்றும் செய்யாமல் இருப்பதிலும் ஆபத்து இருக்கிறது, அதைப் பற்றி மட்டும் ஏன் யாரும் கவலைப்படுவதில்லை? சுவீடனில் 1987ல் தொடங்கிய நீண்டகால ஆய்வில் அறுவை செய்துகொண்டவர்களையும் செய்துகொள்ளாதவர்களையும் வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 2007ல் வந்த முடிவில், செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. உயிர் பிழைத்திருப்பதும் உங்கள் குழுவின் விதிகளில் வராதோ என்னவோ.

"இப்போதுதான் எடை குறைக்கும் ஊசி வந்துவிட்டதே?" வந்திருக்கிறது, நல்லது. நிறுத்தினால் பெரும்பாலோருக்கு எடை திரும்புகிறது. ஊசி போட்டுக்கொள்பவர்களையும் நாளைக்கு இதே வாயால்தான் ஏமாற்றுக்காரர்கள் என்பீர்கள், அதனால் அதை விடுங்கள்.

"அறுவை செய்தாலும் மறுபடி ஏறுமாமே?" சிலருக்கு ஏறும். எனக்கும் ஏறலாம். அப்படி ஏறினால் உங்களில் எத்தனை பேர் உள்ளூர மகிழ்வீர்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன், அதுதான் ஏறுவதைவிடப் பயமாக இருக்கிறது.

குண்டாக இருந்தபோது காது வலி என்று ஒரு டாக்டரிடம் போனேன். காதைப் பார்க்கும் முன்பே "முதலில் எடையைக் குறைங்க" என்றார். காதுக்கும் எடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் தைரியம் அன்று எனக்கு இல்லை. காதில் தொற்று. இன்னொருவரிடம் போய்த்தான் மருந்து கிடைத்தது. பேருந்தில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தவர்களை ஞாபகம் இருக்கிறது. இப்போது அதே பேருந்தில் உட்காருகிறார்கள், பேச்சுக் கொடுக்கிறார்கள், வழி விடுகிறார்கள். உலகம் இவ்வளவு மரியாதையான இடம் என்று முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

சமீபத்தில் பழைய சக ஊழியர் ஒருவர் பார்த்தார். "இப்பதான் மேடம் மனுஷியா இருக்கீங்க" என்றார், பாராட்டாகத்தான். அவருடைய அறிக்கைகளில் இருந்த பிழைகளையெல்லாம் இரவு உட்கார்ந்து திருத்திக் கொடுத்தவள் அப்போது யார் என்று அவருக்குத் தோன்றியிருக்குமா தெரியவில்லை. என்னைப் பாராட்டுவதற்காக என் பழைய படத்தைத் திட்டாதீர்கள். தொங்கும் தோலும் வயிற்றில் தழும்புமாகக் கண்ணாடி முன் நிற்பவள் அவளுடைய தொடர்ச்சிதான். டாக்டரைத் தேடிப் போனவளும் கையெழுத்துப் போட்டவளும் அந்தக் குண்டுப் பெண்தான். எனக்கு அவள்மேல் ரொம்பவே மரியாதை உண்டு.

அறுவை பற்றி உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள். வலித்ததா, பயந்தாயா, வருத்தப்பட்டாயா என்று எதை வேண்டுமானாலும் கேளுங்கள், மறைக்காமல் சொல்கிறேன். எத்தனை கிலோ என்று மட்டும் கேட்காதீர்கள். காலையில் வெந்நீர் குடித்தால் கொழுப்பு கரைந்துவிடும் என்று கீழே எழுதுபவர்கள் பிளாக் செய்யப்படுவார்கள்.