24 மீற்றர் வேலியும் ஒரு பூச்சியமும்

பரப்பளவு வினா ஒன்றுக்கு ஒரு பிள்ளை எழுதிய விடைக்குப் பூச்சியம் போடப்பட்டு, மூன்று நாள்களாக எல்லோருடைய சமூக ஊடகப் பக்கத்திலும் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தத் தரம் 7 கணித விடைத்தாளைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். நேற்றிரவு எனது பின்னூட்டத்தின் கீழ் ஒருவர், "சூத்திரம் படிப்பிக்கத் தெரியாத வாத்தியார்மார்தான் கயிற்றையும் தடியையும் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போவினம்" என்று எழுதியிருந்தார். அதற்கு என்னிடமே கணிதம் படித்த இருவர் சிரிப்புக்குறி இட்டிருந்ததைக் கண்ட பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

வினாவை எல்லோரும் பகிர்ந்தார்கள், எத்தனை பேர் வாசித்தார்கள் என்பதுதான் சந்தேகம். 24 மீற்றர் வேலியால் முழுமையாக அடைக்கப்பட்ட செவ்வகக் காணியின் பரப்பளவைக் காண்க என்பதே வினா. நீளம் தரப்படவில்லை, அகலம் தரப்படவில்லை, படமும் இல்லை. அந்தப் பிள்ளை 11 × 1 = 11, 10 × 2 = 20, 9 × 3 = 27, 8 × 4 = 32, 7 × 5 = 35, 6 × 6 = 36 என்று ஆறு வரிகளை ஒழுங்காக எழுதி, அவற்றின் கீழே "எந்தக் காணி என்று சொல்லவில்லை" என்றும் எழுதியிருக்கிறாள். எதிர்பார்க்கப்பட்ட விடை 36. வினாவை ஆக்கியவர் மனத்தில் சதுரத்தை வைத்துக்கொண்டு தாளில் செவ்வகம் என்று எழுதிவிட்டார். பிழை அவருடையது, பூச்சியம் பிள்ளைக்கு.

சுற்றளவு தெரிந்தால் பரப்பளவு தெரிந்துவிடாது. தரம் 7 பிள்ளைக்கு இந்தப் பாடத்தில் விளங்க வேண்டிய முதன்மையான விடயம் இது ஒன்றுதான்; அதை யாரும் சொல்லிக்கொடுக்காமல் பரீட்சை மண்டபத்தில் தானாகவே கண்டுபிடித்த ஒருத்திக்குச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறோம். உண்மையில் அவள் ஆறோடு நிறுத்தியதே அடக்கம். 7.5 மீற்றர் நீளமும் 4.5 மீற்றர் அகலமும் எடுத்தால் 33.75 சதுர மீற்றர் வரும். 11.99 மீற்றர் நீளமும் 0.01 மீற்றர் அகலமும் எடுத்தால் 0.12 சதுர மீற்றர்கூடத் தேறாது. ஒரு சென்ரிமீற்றர் அகலமான அந்தக் காணியில் எறும்பு வரிசையாகப் போகலாம், ஆனால் அதற்கும் அதே 24 மீற்றர் வேலி வேண்டும். செவ்வகத்தை விட்டு அதே வேலியை வட்டமாக வளைத்தால் ஏறத்தாழ 45.8 சதுர மீற்றர் உள்ளே வரும். 6 × 6 சதுரத்தின் ஒரு மூலையில் 2 × 2 துண்டை வெட்டி எடுத்துவிட்டால் பரப்பளவு 36 இலிருந்து 32 ஆகக் குறையும், சுற்றளவோ அதே 24 ஆகவே இருக்கும். இந்தக் கடைசிக் கணக்கைக் கரும்பலகையில் போட்டபோது நம்ப மறுத்துத் தாங்களே அடிமட்டம் எடுத்து அளந்து பார்த்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். பெரியவர்களும் நம்புவதில்லை. அவர்கள் அளந்து பார்ப்பதுமில்லை என்பதுதான் வித்தியாசம்.

கயிற்றைப் பற்றிக் கேலி செய்தவருக்காக அதையும் சொல்லிவிடுகிறேன். 12 மீற்றர் கயிற்றை முனை முடிந்து, நான்கு பிள்ளைகளை மூலைகளில் பிடிக்க விட்டு, மற்றவர்களை உள்ளே நிற்கச் சொல்வேன். 3 × 3 ஆக நிற்கும்போது தாராளமாக நிற்பார்கள். மூலைப் பிள்ளைகளை மெல்ல மெல்ல நகர்த்தி ஐந்தரைக்கு அரையாக ஒடுக்கும்போது கத்தத் தொடங்குவார்கள். ஒருமுறை ஒரு பொடியன், "கயிறு அதே கயிறுதான் சேர், ஆனால் நிக்க இடமில்லை" என்றான். சூத்திரத்தை நூறு தரம் எழுதினாலும் அந்த வசனம் வராது. சூத்திரம் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. நீளத்தை அகலத்தால் பெருக்கும்போது எதை எண்ணுகிறோம் என்று தெரியாமல் பெருக்குவது பயனில்லை என்கிறேன், அவ்வளவுதான்.

புள்ளித்திட்டத்தில் ஒரு விடைதான் இருக்கிறது, ஆசிரியர் என்ன செய்வார் என்று கேட்கிறார்கள். புள்ளித்திட்டம் கல்வெட்டா? இன்னொருவர், நாற்பது நிமிடப் பாடவேளையில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு கயிறு இழுக்க நேரம் எங்கே என்கிறார். இது நேர்மையான கேள்வி, இதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. பாடத்திட்டம் முடியாமல் தவணை முடிந்த ஆண்டுகள் எனக்கும் உண்டு, கூட்டங்களில் தலைகுனிந்து இருந்திருக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளையின் ஆறு வரிகளை வாசிக்க அரை நிமிடம் போதும். "உங்களிடம் படித்த எத்தனை பேர் சாதாரண தரப் பரீட்சையில் ஏ எடுத்தார்கள்" என்று கேட்டவருக்கு, சிரிப்புக்குறி இட்ட இருவரும் எடுத்தார்கள் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இது யாழ்ப்பாணத்தில் நடந்திருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. வேறு எங்கும் பரப்பளவு என்பது பாடப்புத்தகச் சொல்லாக இருக்கலாம். இங்கே காணியின் அளவுக்கே பரப்பு என்று பெயர். 10 பேர்ச் ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர் என்பதைப் பள்ளிக்கூடம் போகாத கிழவிகளும் சொல்வார்கள். சுற்றளவுக்கோ வேலி இருக்கிறது. கதியால் (வேலிக்கு நடும் மரக்கிளை) எத்தனை, கிடுகு (பின்னிய தென்னோலை) எத்தனை, எல்லைப் பூவரசு யாருடையது என்று மூன்று தலைமுறை வழக்காடிய ஊர் இது. பாடத்தை நாங்கள் வீட்டு வாசலில் வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு மட்டும் நீ × அ என்று எழுதிக் கொடுக்கிறோம்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னால் சிலருக்கு இது விளங்கக்கூடும். அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் அவர்களின் தகப்பனான அப்பு சீதனமாக இரண்டு துண்டுக் காணி காட்டினார். அம்மாவினுடையது அறுபதடிச் சதுரம். சின்னம்மாவினுடையது ஒழுங்கையோரமாக 110 அடி நீளமும் 20 அடி அகலமுமான துண்டு. சின்னம்மா இரண்டையும் சுற்றி நடந்து பார்த்து, தன்னுடைய வேலிதான் நீளம் என்று மகிழ்ந்து, அக்காவுக்குக் குறைந்துவிட்டதே என்று இரக்கமும் பட்டாராம். காணி உறுதிப் பத்திரத்தில் விஸ்தீரணம் எழுதியிருந்தது, அவர் ஒருநாளும் அதை வாசித்ததில்லை. எனக்குப் பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடம் நடந்த கிழமை, படித்ததை வீட்டில் காட்டும் ஆசையில் இரண்டையும் கணக்குப் போட்டேன். ஒன்று 3600 சதுர அடி, மற்றது 2200. ஒரு பரப்பு 2722.5 சதுர அடி. அம்மாவுக்கு ஒன்றே கால் பரப்புக்கு மேல், சின்னம்மாவுக்கு ஒரு பரப்புக்கூட இல்லை. கொப்பியைக் கொண்டுபோய் அம்மாவிடம் நீட்டினேன். அம்மா பார்த்துவிட்டு, "உதை ஒருத்தருக்கும் சொல்லாதை" என்றார்.

அப்பு தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த புரொக்கிளஸ் என்ற கிரேக்க அறிஞர் இதே தந்திரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். சுற்றளவு கூடிய, பரப்பளவு குறைந்த நிலத்தைக் கூட்டாளிகளுக்குக் கொடுத்துவிட்டு, நேர்மையானவர் என்ற பெயரையும் விளைச்சலில் கூடுதல் பங்கையும் ஒருங்கே பெற்றவர்கள் இருந்தார்களாம். அதை வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. "ஒரு பூச்சியத்துக்கு இவ்வளவு எழுத வேண்டுமா" என்று கேட்பவர்கள், வேலியை எண்ணிக் காணியை மதித்த ஒருவர் தங்கள் வீட்டில் இருந்திருக்கிறாரா என்று ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

அந்தப் பிள்ளை யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வீடு தேடிப் போய் அந்த ஆறு வரிகளுக்குக் கீழே ஒப்பமிட்டுக் கொடுத்திருப்பேன். கயிறும் தடியும் தூக்குகிற வாத்தியாரின் ஒப்பத்துக்குப் பெறுமதி உண்டோ தெரியவில்லை.

போன ஆண்டு சின்னம்மா வேலியை அகற்றிவிட்டு நான்கு பக்கமும் மதில் கட்டினார். கல் எத்தனை பிடிக்கும் என்று கணக்குப் போட்டுத் தரும்படி என்னைத்தான் கூப்பிட்டார். சுற்றி அளந்து, 260 அடி என்றேன். "அக்காவின்ரை எவ்வளவு?" என்று கேட்டார். 240 என்றேன்.

"பாத்தியே, எனக்குத்தான் கூட" என்று சிரித்தார். நான் கல்லின் எண்ணிக்கையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.