குழாயைத் திறந்தால் வருவதும் ஆறுதான்

திருகோணமலையில் ஆறு எங்கே என்று நகரத்துப் பிள்ளை ஒன்றிடம் கேட்டுப் பாருங்கள். கடலைக் காட்டும், துறைமுகத்தைக் காட்டும், மிஞ்சினால் கன்னியா வெந்நீர்க் கிணற்றைச் சொல்லும். ஆறு என்றால் அது மூதூர், வெருகல் ஆக்களின் பாடு என்றே பெரியவர்களும் இருந்துவிட்டோம். எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

நகரத்துக் குழாய்களில் வருவது கந்தளாய்க் குளத்துத் தண்ணீர். குளம் உள்ளூர் மழையை மட்டும் நம்பியிருக்கவில்லை. கண்டிக்குப் பக்கத்தில் பொல்கொல்லையில் 1976 முதல் மகாவலியை மறித்து, சுரங்கம் வழியாகத் திருப்பி விடுகிறார்கள். அதில் ஒரு பங்கு அம்பன் கங்கையில் கலந்து, எலஹெரவில் வாய்க்காலில் இறங்கி, மின்னேரியா தாண்டிக் கந்தளாய்க்கு வருகிறது. தாய் ஆறோ 335 கிலோமீட்டர் ஓடி, நமக்கு எதிரே கொட்டியாரக் குடாவில் விழுகிறது. வெருகல் சித்திரவேலாயுதர் திருவிழாவுக்குப் போய் ஆற்றில் முழுகி வருகிறோமே, அதுவும் மகாவலியின் கிளைதான்.

இவ்வளவு நெருக்கம் இருந்தும் நாம் அதற்குத் திருப்பிக் கொடுப்பது என்ன? மாரியில் ஒரு பெருமழை விட்ட மறுநாள் கடற்கரைக்குப் போங்கள். மழைத்தண்ணீர் ஓடும் கான் வந்து கடலில் சேரும் இடத்தில் மணல் கறுத்துக் கிடக்கும். லஞ்ச் சீட், யோகட் கோப்பை, முடிச்சுப் போட்டபடியே வீசிய சொப்பிங் பை, அதற்குள் குழந்தையின் பம்பர்ஸ். அலை இழுத்துப் போகும், அடுத்த அலை கொண்டுவந்து போடும். அந்தத் தண்ணீரில்தான் கரைவலை இழுக்கிறார்கள்.

கடற்கரையைத் துப்புரவு செய்யும் இளைஞர்களை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் கானை அப்படியே விட்டுக் கரையை மட்டும் கூட்டினால், அடுத்த மழையோடு எல்லாம் பழையபடிதான். வேலை நம் ஒழுங்கையில் தொடங்க வேண்டும்.

அப்புறம் பிள்ளைகள். ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு பாடசாலையும் அவர்களைக் கந்தளாய்க் குளக்கட்டுக்குக் கூட்டிப் போகட்டும். வான்கதவைக் காட்டுங்கள், தண்ணீரைச் சுத்திகரிக்கும் இடத்தைக் காட்டுங்கள். திரும்பும் வழியில் கிண்ணியாப் பாலத்தில் இறங்கி, கண்டல் மரங்களின் வேருக்குள் இறால் குஞ்சு ஒதுங்குவதைப் பார்க்கட்டும். தன் வீட்டுத் தண்ணீர் வந்த வழியைக் கண்ணால் கண்ட பிள்ளை, கானுக்குள் பையை வீசக் கொஞ்சம் யோசிக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

மாரி தொடங்குமுன், புரட்டாசியில் எங்கள் ஒழுங்கைக் கானை வெட்டித் துப்புரவாக்கப் போகிறோம். உவர்மலைப் பக்கம் இருப்பவர்கள் சேர விரும்பினால் கீழே எழுதுங்கள். மண்வெட்டியும் கையுறையும் கொண்டுவந்தால் போதும், சாப்பாடு எங்கள் வீட்டில்.