ஊர் காலியாகவில்லை, எல்லைதான் மாறியது

ஒரு புறநகர்ச் சிற்றூரின் பெயர் மக்கள்தொகைப் பட்டியலிலிருந்து மறைந்தால், அங்கிருந்தவர்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள் என்று பொருள். இப்படி ஒரு செய்தி பரவி வருகிறது. இது தவறு.

கணக்கெடுப்பு மனிதர்களை நிர்வாக எல்லைக்குள் வைத்து எண்ணுகிறது. பெருநகரம் சிற்றூரைத் தன்னோடு இணைத்துக்கொண்டால், அதே வீட்டில் அதே திண்ணையில் இருப்பவர்கள் நகரக் கணக்கில் சேர்கிறார்கள். 1920-இல் பெர்லினுடன் 7 நகரங்கள், 59 ஊராட்சிகள், 27 பண்ணை வட்டாரங்கள் இணைந்தன. சுமார் 19 லட்சமாக இருந்த நகர மக்கள்தொகை ஒரே நாளில் ஏறத்தாழ 38 லட்சமானது. யாரும் குடிபெயரவில்லை. அப்போது இணைந்த லூபார்ஸ் சிற்றூரில் இன்றும் வயல்கள் இருக்கின்றன.

அதே செய்தி, முதல் எழுத்துச் சான்றின் ஆண்டையே ஊர் பிறந்த ஆண்டு என்றும் சொல்கிறது. அதுவும் சரியல்ல. இன்றைய பெர்லினின் பகுதியான கோல்ன் 1237-ஆம் ஆண்டு ஆவணத்தில் முதன்முதலாகத் தென்படுகிறது. அதில் பேசப்படுபவர் அவ்வூரின் பாதிரியார். பாதிரியார் இருந்தார் என்றால் வழிபட மக்களும் முன்பே இருந்திருக்கிறார்கள்!

இரண்டு கணக்கெடுப்புகளை ஒப்பிடும் முன் இரண்டு வரைபடங்களையும் ஒப்பிடுங்கள்.