தங்கச்சி அனுப்பிய எஸ்டிமேட்

போன வாரம் தங்கச்சி வாட்ஸப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பினாள். அவளுக்கு ஏழாவது மாதம், முதல் குழந்தை. பிறக்கப்போகிற பிள்ளைக்கு அறை தயார் செய்ய ஒரு இன்டீரியர்காரர் போட்டுக்கொடுத்த எஸ்டிமேட் அது. காட்டு விலங்கு தீமாம். சுவர் முழுக்க யானை, ஒட்டகச்சிவிங்கி வால்பேப்பர், மேகம் போல ஃபால்ஸ் சீலிங், சுற்றி எல்இடி விளக்கு, மெத்து மெத்தென்று கம்பளம். மொத்தம் 1,12,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அதுவும் வாடகை வீட்டில்! "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டிருந்தாள். பதில் எழுத உட்கார்ந்தேன், அது நீண்டுகொண்டே போனது, அதனால் அவளிடம் கேட்டுவிட்டே இங்கே போடுகிறேன்.

நானும் இந்தக் கூத்தை ஆடியவள்தான். 2019-ல் மடிப்பாக்கத்தில் தரைத்தள வாடகை வீடு. மேகமும் நட்சத்திரமும் போட்ட வால்பேப்பர், பிறை நிலா செதுக்கிய மரக்கட்டில், ஆளுயரத்துக்கு ஒரு பஞ்சு ஒட்டகச்சிவிங்கி எல்லாம் சேர்த்து 38,000 ஆனது. ஜூலையில் வளைகாப்பு முடிந்ததும் என்னை அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். இதை யாருமே கணக்கில் எடுப்பதில்லை பாருங்கள். நம் ஊரில் முதல் பிரசவம் அம்மா வீட்டில், குழந்தை அப்பா வீட்டுக்கு வர மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆகும். மகள் பிறந்து நாங்கள் திரும்பி வந்தது பிப்ரவரியில். அதுவரை தூசி படக்கூடாதென்று என் வீட்டுக்காரர் அந்த அறையைப் பூட்டியே வைத்திருந்திருக்கிறார். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரில் ஓதம் ஏறி, மேகமெல்லாம் உப்பிக்கொண்டு, கீழோரம் பிரிந்து தொங்கியது. பிரித்துப் பார்த்தால் உள்ளே கறுப்பாகப் பூஞ்சை. வீட்டைக் காலி செய்தபோது அந்தச் சுவருக்குப் பட்டி பார்த்து பெயிண்ட் அடிக்கவென்று அட்வான்ஸில் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

கட்டிலிலும் மகள் படுக்கவில்லை. இஸ்திரி போடவேண்டிய துணிதான் அதில் படுத்திருந்தது.

சரி, பிறந்த குழந்தைக்கு என்னதான் தெரியும்? முதல் சில வாரங்களில் ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில், அதாவது 20 முதல் 30 சென்டிமீட்டருக்குள் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும்போது அம்மா முகம் இருக்கிற தூரம். இளநீலம், இளஞ்சிவப்பு எல்லாம் நமக்குத்தான் அழகு, அதற்குக் கறுப்பு வெள்ளை போலப் பளிச்சென்று வித்தியாசம் தெரிகிற கோடும் வட்டமும்தான் பிடிக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் என் மகள் மணிக்கணக்கில் பார்த்துச் சிரித்தது எதைத் தெரியுமா? வெள்ளைக் கூரையில் சுற்றிய பழுப்பு நிற ஃபேனை. இரண்டாவது பிள்ளைக்கு ஸ்டேஷனரி கடையில் கறுப்பு சார்ட் பேப்பர் வாங்கி, வெள்ளைத் தாளில் வட்டம் வெட்டி ஒட்டி, மூத்தவளையும் உட்கார வைத்துச் செய்தோம். ஐம்பது ரூபாய்கூட ஆகவில்லை.

அந்த எஸ்டிமேட்டை இரண்டு தடவை படித்தேன். அம்மா உட்கார ஒரு நாற்காலி அதில் இல்லை. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். அந்த அறையில் ராத்திரி ரெண்டு மணிக்கும் நாலு மணிக்கும் முழித்துக்கொண்டு உட்காரப்போவது யார்? தையல் போட்ட உடம்போடு, முதுகு சாய இடமில்லாமல், இருட்டில் ஸ்விட்சைத் தேடிக்கொண்டு, தண்ணீர் பாட்டில் எட்டாமல் நான் பட்ட பாடு இருக்கிறதே! செலவழிக்க வேண்டியது அந்த அம்மாவுக்கு. கை வைத்த நாற்காலி ஒன்று, பழசானாலும் பரவாயில்லை, முதுகுக்கு ஒரு தலையணை. கையெட்டும் இடத்தில் சார்ஜர் பிளக். குழந்தையின் கண் கூசாத ஒரு ஜீரோ வாட் பல்ப். சக்கரம் வைத்த காய்கறி டிராலி ஒன்று வாங்கி, மேல்தட்டில் அம்மாவுக்குத் தண்ணீரும் பிஸ்கட்டும், கீழே துணியும் டயப்பரும் வைத்துவிட்டால் எந்த அறையில் படுத்தாலும் தள்ளிக்கொண்டு போகலாம். முதல் ஆறு மாதமாவது குழந்தை பெற்றோர் இருக்கிற அறையில், ஆனால் தனிப் படுக்கையில் தூங்குவது நல்லது என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். அப்புறம் தனி அறை எதற்கு, ஒரு மூலை போதும்.

2015-ல் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்த குழந்தைகள் பரிசுப் பெட்டகம் ஞாபகம் இருக்கிறதா? மொத்தம் 16 பொருள். துண்டு, உடுப்பு, படுக்கை, கொசுவலை, நகவெட்டி, கிலுகிலுப்பை, அதோடு அம்மா கைகழுவ ஒரு திரவ சோப்பும், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சௌபாக்ய சுண்டி லேகியமும். அரசியலை விடுங்கள், அந்தப் பட்டியல் போட்டவருக்கு வீட்டில் குழந்தை வளர்ந்த அனுபவம் இருந்திருக்க வேண்டும்.

தங்கச்சி, பெயிண்ட் அடித்தே தீருவேன் என்றால் அடி, தப்பில்லை. ஆனால் வாசனை போகிற மாதிரி பல வாரம் முன்னாலேயே முடித்துவிடு, அடிக்கும்போது நீ அங்கே நிற்காதே. வீட்டுக்கு அடிக்கிற பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2017 நவம்பரிலிருந்து விதி இருக்கிறது, டப்பாவில் போட்டிருக்கும், பார்த்து வாங்கு. பழைய ஜன்னல் கம்பியில் ஏழெட்டுப் பூச்சு ஏறியிருக்குமே, அதை உப்புத்தாள் போட்டு வறட்டுத் தேய் தேய்க்க விடாதே. பழைய பெயிண்டில் ஈயம் இருந்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பரவும்.

தூளி விஷயத்தில் டாக்டரும் பாட்டியும் ஒத்துப்போக மாட்டார்கள். அம்மாவின் பழைய சுங்கடிப் புடவையில் என் இரண்டு பிள்ளைகளும் ஆடியிருக்கிறார்கள், அதைவிட மலிவான, அழகான அலங்காரம் எதுவும் கிடையாது. ஆனால் அழுகையை அடக்க, கண் செருக வைக்க மட்டும். தூங்கியதும் எடுத்து, சமமான கெட்டிப் படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைத்துவிடுவேன், ஏனென்றால் தூளிக்குள் கழுத்து மடங்கினால் மூச்சுக்குக் கஷ்டம். கொக்கி கான்கிரீட்டில் இறங்கியிருக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங் தூளி எடையைத் தாங்காது, அந்த இன்டீரியர்காரரிடம் இதையும் கேள். குழந்தை வளர்ந்த பிறகு தூளியைக் கழற்றிவிட வேண்டும். விளையாட்டாகச் சுற்றி முறுக்கி, கழுத்து இறுகிப் பிள்ளை போன செய்தி பேப்பரில் வருகிறதே, படிக்கவே முடிவதில்லை.

படுக்கையில் பஞ்சு பொம்மை, தலையணை, ஓரத்து மெத்தை எதுவுமே வேண்டாம். கடுகுத் தலையணைக்காக மாமியாரோடு எனக்கு ஒரு வாரம் பேச்சுவார்த்தை நின்றது, அந்தக் கதை இன்னொரு நாள்.

மேலே தொங்கவிட ஏதாவது வேண்டுமென்றால் பனையோலைக் கிளி ரெண்டு வாங்கிக் கட்டு, கைக்கு எட்டாத உயரத்தில். என் வீட்டு நிலாக் கட்டில் பரணில்தான் கிடக்கிறது. கம்பிகளுக்கு நடுவில் இடைவெளி 6 சென்டிமீட்டருக்குள்தான், அளந்து பார்த்துவிட்டேன், ஸ்குரூ மட்டும் முடுக்க வேண்டும். மாப்பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வரச் சொல். மெத்தை மட்டும் புதுசாக வாங்கிக்கொள். ஒட்டகச்சிவிங்கியும் இருக்கிறது, அதையும் தூக்கிக்கொண்டு போகச் சொல், எனக்கு இடம் ஆகும்.