பத்து இறுதிப் போட்டிகளும் 'சாபம்' என்கிற சோம்பேறிப் பேச்சும்

பிரெஞ்சு ரக்பியில், மத்திய பிரான்சிலுள்ள கிளெர்மோன் நகர அணியின் பெயரை எடுத்தாலே போதும், யாராவது ஒருவர் "அதுவா, சாபம் பிடித்த அணி" என்று சொல்லி முடித்துவிடுவார். விளையாட்டுப் பத்திரிகைகளும் பல வருடங்களாக இதே பாட்டைத்தான் பாடுகின்றன. எனக்கு இந்தப் பேச்சு சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கணக்கு என்னவோ உண்மைதான். 1936, 1937, 1970, 1978, 1994, 1999, 2001, 2007, 2008, 2009 என்று பத்து முறை பிரெஞ்சு சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டிக்குப் போய், பத்திலும் தோற்ற அணி அது. முதல் பட்டம் 2010-ல்தான் கிடைத்தது. அணி தொடங்கி 99 வருடம் கழித்து.

தொடங்கியது 1911-ல். டயர் கம்பெனி மிஷ்லினை நிறுவிய சகோதரர்களில் ஒருவர் ஆந்த்ரே. அவருடைய மகன் மார்செல் மிஷ்லின், தொழிலாளர்களுக்காக ஒரு விளையாட்டுச் சங்கம் ஆரம்பித்தார். அதன் முதல் பெயரிலேயே கம்பெனியின் பெயர் இருந்தது. வணிகப் பெயரை அணிக்கு வைக்கக் கூடாது என்று வந்ததும் மோன்ஃபெரான் என்ற ஊர்ப்பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். மிஷ்லினுக்கும் மோன்ஃபெரானுக்கும் முதல் எழுத்து ஒன்று என்பதால் ஏ.எஸ்.எம். (பிரெஞ்சில் 'விளையாட்டுச் சங்கம்' என்பதன் முதல் எழுத்துகளும் இந்த 'எம்'மும்) என்ற சுருக்கம் அப்படியே தங்கிவிட்டது. கிளெர்மோனும் மோன்ஃபெரானும் ஒரு காலத்தில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த இரண்டு ஊர்கள். அரசாணை போட்டுத்தான் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். அரசாணையை விட அந்த நீல மஞ்சள் சட்டை இரண்டு பக்கத்தையும் நன்றாகவே சேர்த்துவைத்தது என்பேன்.

அந்த மார்செல் மிஷ்லினை, நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்த இயக்கத்தில் இருந்ததற்காக 1943-ல் கைது செய்தார்கள். புக்கன்வால்ட் வதைமுகாமின் கிளை முகாம் ஒன்றில் 1945 ஜனவரியில் அவர் இறந்துபோனார். போர் முடிய இன்னும் சில மாதங்களே இருந்தன. அணியின் மைதானத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். ஐரோப்பாவில் எத்தனையோ மைதானங்கள் காப்பீட்டுக் கம்பெனிக்கும் வங்கிக்கும் பெயரை விற்றுவிட்ட காலம் இது. இங்கே ஒரு கம்பெனிக் குடும்பத்தின் பெயர் இருக்கிறது, ஆனால் அது விளம்பரத்துக்காக வந்ததில்லை.

கம்பெனியைப் புனிதப்படுத்த நான் வரவில்லை. கிளெர்மோனில் தொழிலாளிக்கு வீடு, பள்ளிக்கூடம், மருத்துவமனை, கடை எல்லாவற்றையும் மிஷ்லினே கட்டிக்கொடுத்தது. தொழிலாளர் குடியிருப்பில் தெருக்களுக்குத் 'தைரியம்', 'நற்குணம்' என்றெல்லாம் பெயர் வைத்தார்கள். பிறப்பிலிருந்து இறப்பு வரை முதலாளி கூடவே நிற்கும் வாழ்க்கை அது. அதில் ஆதரவும் உண்டு, மூச்சுமுட்டலும் உண்டு. நம் திருவள்ளூர் மாவட்டத்தில் தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் இதே கம்பெனியின் ஆலை இருக்கிறது. அந்தத் தொழிற்பேட்டைக்கு மேய்ச்சல் நிலம் போனதை எதிர்த்து ஊர் மக்கள் போராடியதும் நமக்குத் தெரியும். ஆனால் கம்பெனி வேறு, அதன் நிழலில் வளர்ந்து ஊரின் சொத்தாகிவிட்ட அணி வேறு.

இந்த வித்தியாசம் புரிய கியான் என்ற சின்ன ஊரின் கதையைப் பார்க்க வேண்டும். தெற்குப் பிரான்சில் அன்று தொப்பி செய்துகொண்டிருந்த ஊர். ஜான் பூரெல் என்ற தொப்பி ஆலை முதலாளி, பணத்தைக் கொட்டி பெர்பிஞான் அணியிலிருந்து ஆட்களை இழுத்துவந்தார். 1928, 1929, 1930 மூன்று வருடமும் இறுதிப் போட்டி, 1929-ல் சாம்பியன் பட்டம். அப்புறம்? முதல்வரிசை ரக்பியில் அந்த ஊரின் பெயரே இல்லாமல் போனது. மிஷ்லினிடமும் பணம் இருந்தது, பூரெலை விட அதிகமாகவே இருந்தது. ஆனால் கிளெர்மோன் நூறு வருடமாக நிலைத்திருக்கிறது. மிஷ்லின் தன் சொந்த ஊரில் ஆயிரக்கணக்கில் வேலைகளைக் குறைத்த காலத்திலும் மைதானம் நிரம்பியது. தோற்றுக்கொண்டே இருந்த அணிக்காக நிரம்பியது.

சரி, சாபத்துக்கு வருவோம். அந்தப் பத்துத் தோல்விகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், எல்லாவற்றுக்கும் மைதானத்திலேயே காரணம் கிடைக்கிறது. பத்தில் நான்கு, துலூஸிடம் தோற்றவை: 1994, 1999, 2001, 2008. துலூஸ் என்றால் பிரான்சிலேயே அதிகப் பட்டம் வென்ற அணி. 1994-ல் தொடங்கித் தொடர்ந்து நான்கு வருடம் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத அணி. 1978-ல் எதிரே நின்றது பெசியே. அந்தப் பத்தாண்டில் யாராலும் அசைக்க முடியாமல் நின்ற அணி, 31-9 என்று வென்றது. இவர்களிடம் தோற்க எந்த முனிவரும் சாபம் கொடுக்க வேண்டியதில்லை.

உண்மையிலேயே மனதை அறுப்பது 1970 ஒன்றுதான். லா வுல்ட் என்ற, ரோன் நதிக்கரையில் இருக்கும் குட்டி ஊரின் அணி. மொத்த ஆட்டத்துக்கும் ஒரே ஒரு ட்ரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்துவது), அப்போது அதற்கு மூன்று புள்ளி. 3-0. ஒரு பெரிய தொழில் நகரம் ஒரு சின்ன ஊரிடம் மூன்று புள்ளியில் தோற்றது. அதிலும் எனக்கு லா வுல்டின் மேல் மரியாதைதான் வருகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த 'சாபம் பிடித்த' அணி 1999-ல் புர்குவான் அணியை வீழ்த்தி ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கோப்பையை வென்றது. 2007-ல் பாத் அணியை வீழ்த்தி அதே கோப்பையை மறுபடி வென்றது. இரண்டுமே சாம்பியன்ஷிப் இறுதியில் தோற்ற அதே சீசன்கள்! இதை யாரும் சொல்வதில்லை. ஒரு கதை பிடித்துப்போனால் அதற்கு ஒத்துவராததை மறந்துவிடுவது பத்திரிகைகளுக்குப் பழக்கம்தானே.

2006-ல் நியூசிலாந்திலிருந்து வெர்ன் காட்டர் பயிற்சியாளராக வந்தார். அடுத்த வருடம் அவருக்கு உதவியாக ஜோ ஷ்மிட் வந்தார், பிற்காலத்தில் அயர்லாந்து அணியை உயர்த்திய அதே ஷ்மிட். 2007, 2008, 2009 மூன்று வருடமும் இறுதிப் போட்டி, மூன்றிலும் தோல்வி. மூன்று வருடம் வரிசையாக இறுதிக்குப் போவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை யாரும் பேசவில்லை.

2010 வசந்த காலத்தில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏப்ரலில் டப்ளினில் ஐரோப்பியக் கோப்பைக் கால் இறுதி, எதிரே லெய்ன்ஸ்டர். கிளெர்மோனின் உதையாளர் ப்ராக் ஜேம்ஸ் அன்று உதைத்ததில் பல சரியாகப் போகவில்லை. பெனால்டிகள் விலகின, ட்ராப் கோல் (பந்தைத் தரையில் விட்டு, எழும்போது உதைப்பது) முயற்சிகளும் விலகின. 29-28 என்று தோல்வி. ஒரே ஒரு புள்ளி. அந்த மனிதர் எப்படித் தலைநிமிர்ந்து ஊர் திரும்பியிருப்பார் என்று நான் யோசித்ததுண்டு. ஆனால் அணி அவரை ஒதுக்கவில்லை. அடுத்த மாதம் சாம்பியன்ஷிப் அரையிறுதியில் கூடுதல் நேரம் வரை போய்த் துலோனை 35-29 என்று வென்றார்கள். மே 29 அன்று பாரிஸுக்குப் பக்கத்தில் நடந்த இறுதிப் போட்டியில் எதிரே பெர்பிஞான், முந்தின வருடம் இவர்களைத் தோற்கடித்த அதே அணி. 19-6 என்று வெற்றி. சாம்பியனுக்குக் கொடுக்கும் ப்ரென்னுஸ் கேடயம் என்பது ஒரு மரப்பலகையில் பித்தளைத் தகடு பதித்த பொருள், அவ்வளவுதான். பிரான்சில் செல்லமாக 'மரத்துண்டு' என்பார்கள். அந்த மரத்துண்டு கிளெர்மோனின் ஜோத் சதுக்கத்துக்கு வந்தபோது ஊரே அங்கே திரண்டு நின்றது.

ஒரேலியன் ரூஜெரியை இங்கே சொல்லாமல் விடமுடியாது. அப்பா ஜாக் ரூஜெரியும் இதே அணிக்கு ஆடியவர். மகன் 1999 முதல் 2018 வரை இந்த ஒரே அணிக்குத்தான் ஆடினார். பிரான்ஸ் தேசிய அணியின் ஆட்டக்காரர், எங்கு வேண்டுமானாலும் போயிருக்கலாம். தொடர்ந்து தோற்கும் அணி என்று பேர் வாங்கிய இடத்திலேயே இருந்து, 2010, 2017 இரண்டு பட்டங்களையும் பார்த்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றார். தொழில்முறை ரக்பியில் எனக்குப் பிடித்த ஆட்டக்காரர் யார் என்று கேட்டால் யோசிக்காமல் அவர் பெயரைச் சொல்வேன்.

அதே காலத்தில்தான் சொந்த மைதானத்தில் தொடர்ந்து 77 ஆட்டங்கள் தோல்வியே இல்லை. 2014 மே மாதம் காஸ்த்ர் அணி வந்து அதை முடித்துவைத்தது. 2017-ல் துலோனை 22-16 என்று வென்று இரண்டாவது பட்டம். 2019-ல் மூன்றாவது முறையாக அந்த இரண்டாம் நிலை ஐரோப்பியக் கோப்பை.

இப்போது சாபக் கதையை ஐரோப்பாவின் முதன்மைக் கோப்பைக்கு மாற்றியிருக்கிறார்கள். 2012 அரையிறுதியில், போர்தோ நகரில், அதே லெய்ன்ஸ்டருக்கு எதிராக வெஸ்லி ஃபொஃபானா கோட்டைத் தாண்டிப் பாய்ந்தார். பந்தைத் தரையில் அழுத்தும் அந்த நொடியில் அது கையைவிட்டு நழுவியது. 19-15 என்று தோல்வி. அப்புறம் 2013, 2015, 2017 என்று மூன்று இறுதிப் போட்டிகள், மூன்றிலும் தோல்வி. 2013-ல் 15-6 என்று முன்னிலையில் இருந்து, துலோனிடம் 16-15 என்று விட்டார்கள். அதை நான் மறைக்கவில்லை, அது கிளெர்மோன் தானாகத் தவறவிட்டது. 2015-ல் மறுபடி அதே துலோன், தொடர்ந்து மூன்றாவது முறை கோப்பையை வென்ற துலோன்.

2017-ல் எடின்பரோவில் 28-17 என்று வென்றது இங்கிலாந்தின் சாரசன்ஸ். அந்த அணிதான் 2016-17 உட்பட மூன்று சீசன்களில் வீரர்களின் சம்பள உச்சவரம்பை மீறியது என்று 2019-ல் நிரூபணமாகி, 50 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதமும் 35 புள்ளி வெட்டும் வாங்கியது. அந்த உச்சவரம்பு இங்கிலாந்து லீக்கின் விதி என்பதால் ஐரோப்பியக் கோப்பை அவர்களிடமே இருக்கிறது. அளவுக்கு மீறிச் சம்பளம் கொடுத்து நிறுத்திவைத்த ஓர் அணியோடு மோதித் தோற்றவர்களைப் பார்த்துத்தான் இன்னும் 'சாபம்' என்கிறார்கள்.