ப்ரைமர் இல்லாத ஊர்ல பிரஸ் வச்சு என்ன பண்றது?

போன சனிக்கிழமை துப்பாக்கி சுடற ரேஞ்சுல இருந்து வெளிய வரும்போது நம்ம தம்பி ஒருத்தன், கிரீன் கார்டு வந்து நாலு மாசம்தான் ஆகுது, கையில 9 எம்.எம். தோட்டா டப்பாவை வச்சு திருப்பி திருப்பி பாத்துட்டு “அண்ணா, மறுபடியும் ஏத்திட்டானுங்க, பேசாம நாமளே வீட்ல தோட்டா பண்ணிக்கலாமா, நீங்க பண்றீங்கல்ல”ன்னு கேட்டான். பார்க்கிங்ல நின்னு பதில் சொல்ல ஆரம்பிச்சு முக்கால் மணி நேரம் ஆச்சு, வீட்டுக்கு போனா சாப்பாடு ஆறிப்போய் வாங்கி கட்டிக்கிட்டேன். இதே கேள்வியை இந்த மாசம் மூணு பேர் கேட்டுட்டாங்க, அதனால ஒரே தடவையா இங்க எழுதிடறேன். துப்பாக்கி வேணுமா வேணாமாங்கற சண்டை வேற பதிவுல வச்சுக்கலாம், கமென்ட்ல ஆரம்பிக்காதீங்க. நான் டெக்சாஸ்ல இருக்கேன், பேப்பர் டார்கெட்டை சுடறேன், வருஷத்துக்கு ஒருதடவை மான் சீசன்ல போறேன், அவ்வளவுதான்.

முதல்ல ஒண்ணு, எச்1பி எஃப்1 விசால இருக்கறவங்க ஆர்வக்கோளாறுல இறங்கிடாதீங்க. ஹன்டிங் லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு தவிர, அந்த விசால துப்பாக்கி மட்டும் இல்ல, தோட்டா வச்சிருக்கறதே ஃபெடரல் குற்றம். நான் கிரீன் கார்டு வர்ற வரைக்கும் எதையும் தொடல.

சரி விஷயத்துக்கு வரேன். தோட்டாவுல நாலே சாமான். பித்தளை கேஸ், அதோட அடியில உக்காந்திருக்கற ப்ரைமர், உள்ள பவுடர், மேல பறந்து போற குண்டு. ப்ரைமர்னா தீபாவளிக்கு நாம சுவத்துல தேய்ச்சும் கல்லால தட்டியும் வெடிச்ச பொட்டு வெடி இருக்கே, அதோட பெரியப்பா பையன்னு வச்சுக்கோங்க, ஊசி வந்து தட்டினதும் பொறி வந்து பவுடர் பத்திக்கும். சுட்டு முடிச்சா மத்த மூணும் காலி, பித்தளை மட்டும் நம்ம கிட்டயே நிக்கும். அதை எடுத்து சுத்தம் பண்ணி, பிரஸ்ங்கற கைப்பிடி வச்ச அழுத்து மெஷின்ல விட்டு பழைய அளவுக்கு அமுக்கி, பழைய ப்ரைமரை தள்ளி புதுசு வச்சு, பவுடர் அளந்து போட்டு, குண்டை சொருகினா திரும்ப தோட்டா. இதுதான் ஹேண்ட்லோடிங், ரீலோடிங்னும் சொல்வாங்க. சொந்த உபயோகத்துக்கு பண்ண லைசென்ஸ் தேவையில்ல, பண்ணி விக்கணும்னாதான் லைசென்ஸ்.

பவுடரை கிராம்ல இல்ல கிரெய்ன்ல அளப்போம். ஒரு கிரெய்ன்னா நம்ம ஊர் தட்டான் கடை குண்டுமணியில ஏறக்குறைய பாதி எடை. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். நான் ராத்திரி கராஜ்ல உக்காந்து தராசுல கிரெய்ன்ல பத்துல ஒரு பங்கு பாத்து போடறதை எங்க அப்பா வீடியோ கால்ல பாத்துட்டு “என்னடா நகைக்கடை வச்சிருக்கியா”ன்னார்.

இப்ப காசு கணக்கு, எல்லாருக்கும் இதுதான வேணும். எனக்கு கிடைக்கற விலையில 9 எம்.எம்.க்கு ப்ரைமர் 7, 8 சென்ட், குண்டு 10 சென்ட், பவுடர் மூணரை சென்ட், பித்தளை கீழ பொறுக்கினது ஓசி. மொத்தம் 21, 22 சென்ட் ஆகுது. கடையில ரெடிமேடா 25 சென்டுக்கு கிடைக்குது. மிச்சம் மூணு சென்ட்! நான் ஆரம்பத்துல பிரஸ், அதுல மாட்டற அச்சு (டை), தராசு, பித்தளையை சுத்த விட்டு கழுவற டம்ளர் மெஷின் எல்லாம் சேத்து 400 டாலர் போட்டேன், மூணு மூணு சென்டா அந்த 400ஐ எடுக்க 13,000 தோட்டாவுக்கு மேல பண்ணணும், அதுவும் ஒரு தடவைக்கு ஒரே வேலை பண்ற என்னோட சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ல மணிக்கு ஐம்பது அறுபது வந்தா பெரிய விஷயம், அந்த நேரத்துக்கு ஊபர் ஓட்டினாக்கூட இதை விட தேறும். அதனால 9 எம்.எம். மட்டும் சுடற ஆளு “விலை ஏறுது, பண்ணிக்கலாம்”னு வந்தா நான் நேரா வேணாம்னுதான் சொல்வேன்.

“சரி அண்ணா, காசு மிச்சம் இல்லன்னா பரவால்ல, தட்டுப்பாடு வந்தா கைவசம் இருக்கும்ல?” அடுத்த கேள்வி இது. இங்கதான் எல்லாரும் ஏமாறது, நானும் ஏமாந்தேன்.

2020 ஞாபகம் இருக்கா. மார்ச்ல லாக்டவுன், கோடையில கலவரம், நவம்பர்ல எலெக்ஷன். அந்த ஒரு வருஷத்துல புதுசா துப்பாக்கி வாங்கினவங்க மட்டும் 84 லட்சம் பேர்னு இங்க துப்பாக்கி தொழில் சங்கமான என்.எஸ்.எஸ்.எஃப். கணக்கு சொல்லுது. ஆளுக்கு ஐம்பது தோட்டா டப்பா ரெண்டே ரெண்டு வாங்கினாலும் 84 கோடி தோட்டா. போதாக்குறைக்கு அதே வருஷம் ஜூலையில துப்பாக்கி, தோட்டா பண்ற ரெமிங்டன் கம்பெனி திவால் நோட்டீஸ் குடுத்துச்சு, ஆர்கன்சாஸ்ல லோனோக்குங்கற ஊர்ல இருக்கற அவங்க தோட்டா ஃபேக்டரியை விஸ்டா அவுட்டோர்ங்கற இன்னொரு கம்பெனி வாங்கி சரி பண்றதுக்குள்ள எலெக்ஷன் வந்துடுச்சு. 2019ல பத்து டாலர் சுமாருக்கு வாங்கின 9 எம்.எம். டப்பா 2021 ஆரம்பத்துல முப்பத்தஞ்சு நாப்பது. அலமாரியெல்லாம் காலி, காலையில அஞ்சரை மணிக்கு கடை வாசல்ல க்யூ, ரேஷன் கடையில பாமாயில் வந்திருக்குன்னு கேள்விப்பட்ட மாதிரி ஒரு கூட்டம், ஆளுக்கு ரெண்டு டப்பாதான்னு ஒரு அட்டை.

அப்ப நான் கராஜ்ல பிரஸ்ஸை பாத்து நமக்கென்ன கவலைன்னு காலரை தூக்கி விட்டுக்கிட்டேன். பித்தளை ரெண்டு பக்கெட் இருக்கு, குண்டு ரெண்டாயிரம் இருக்கு, பவுடர் ரெண்டு டப்பா இருக்கு. ப்ரைமர்? எண்ணி 300.

ப்ரைமர் எங்கயுமே இல்ல. ஆன்லைன்ல இல்ல, கடையில இல்ல. முன்னாடி ஆயிரம் 30 டாலருக்கு கிடைச்ச சாமான், ஏலத்துல 150, 200னு போனதை கண்ணால பாத்தேன். ஏன்னு யோசிச்சப்பதான் உறைச்சுது. அமெரிக்காவுல பெருசா ப்ரைமர் பண்றது சி.சி.ஐ., ஃபெடரல், ரெமிங்டன், வின்செஸ்டர்னு நாலு பேருதான். இதுல முதல் மூணும் அப்ப ஒரே கம்பெனி கையில வந்துடுச்சு, விஸ்டாதான், அதோட தோட்டா பிரிவையும் 2024 கடைசியில செக் நாட்டுக்காரங்க வாங்கிட்டாங்க. இந்த நாலு பேரும் தோட்டாவும் பண்றவங்க. தோட்டாவுக்கே பில்லியன் டாலர் ஆர்டர் நிலுவையில நிக்கும்போது அவங்க ப்ரைமரை தன்னோட தோட்டாவுல வைப்பாங்களா, தனியா டப்பா போட்டு உங்களுக்கும் எனக்கும் விப்பாங்களா? ஹோட்டல்ல கூட்டம் அலைமோதறப்ப தோசை மாவை பார்சலுக்கு விக்க மாட்டான்ல, அந்த கதைதான். ஆக தட்டுப்பாடு வர்றப்ப ரீலோடர் க்யூவுல இருந்து தப்பிக்கறதில்ல, க்யூவோட கடைசிக்கு போறான்.

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சக்கரைம்பாங்க. ப்ரைமருக்கு இலுப்பைப்பூ கூட கிடையாது. பித்தளையை பொறுக்கலாம், குண்டை ஈயம் உருக்கி வார்க்கறவங்க இருக்காங்க, ப்ரைமரை மட்டும் வீட்ல பண்றேன்னு இறங்கற வேலையே வேணாம், கை போயிடும்.

அந்த நேரத்துல என்னை காப்பாத்தினது எங்க ரேஞ்சுல இருக்கற ஒரு வெள்ளைக்கார தாத்தா. எண்பது வயசு இருக்கும், எழுபதுகள்ல இருந்து ரீலோட் பண்றாரு, எனக்கு இந்த வேலையை சொல்லிக் குடுத்ததே அவருதான். ஒருநாள் ட்ரக்கோட பின்சீட்ல இருந்து ஆயிரம் ப்ரைமர் அட்டைப்பெட்டி ஒண்ணு எடுத்து குடுத்தாரு, மேல மங்கின விலை ஸ்டிக்கர், 28 டாலர். நான் நூறு எடுத்து நீட்டினேன். ஸ்டிக்கரை விரலால தட்டி காட்டினாரு, 28 வாங்கிட்டு மீதியை திருப்பி குடுத்துட்டாரு. ஒண்ணே ஒண்ணு சொன்னாரு, கடையில எவனும் சீண்டாம கிடக்கும்போது வாங்கணும், எல்லாரும் தேடும்போது வாங்கக்கூடாதுன்னு.

அவருக்கு 2013ம் நல்லா ஞாபகம் இருக்கு. சாண்டி ஹூக் ஸ்கூல்ல நடந்த துப்பாக்கிச்சூட்டு கொடுமைக்கு அப்புறம் தடை வரப்போகுதுன்னு பயத்துல ஜனம் அள்ளினதுல, குழந்தைங்க கத்துக்கற பாயின்ட் டூ டூ (.22) சின்ன தோட்டா ஒரு வருஷத்துக்கு மேல ஒழுங்கா கிடைக்கல. அதுக்கு தனியா ப்ரைமர் கிடையாது, மருந்து பித்தளை விளிம்புக்குள்ளயே ஒட்டியிருக்கும், சுட்டா ஊசி அந்த விளிம்பை நசுக்கிடும், அதை ரீலோட் பண்றது நடைமுறையில ஆகாத காரியம். யோசிச்சு பாருங்க, அந்த தடவை அதிகமா காணாம போனதே பிரஸ்ல பண்ண முடியாத ஒண்ணு.

இப்ப ப்ரைமர் பரவால்ல, செக், போஸ்னியா, அர்ஜென்டினான்னு எங்கெங்க இருந்தோ வருது. கழுத்தை பிடிக்கறது பவுடர். உக்ரைன் போர் ஆரம்பிச்சதுல இருந்து பீரங்கி குண்டுக்கு மருந்து தேவை எகிறிடுச்சு, அதுக்கும் இதுக்கும் அடிப்படை சரக்கு ஒண்ணுதான், நைட்ரோசெல்லுலோஸ். அது எதுல இருந்து வருதுன்னு நினைக்கறீங்க? பருத்திக்கொட்டையில பஞ்சு எடுத்த அப்புறம் ஒட்டிக்கிட்டு நிக்கற குட்டை நூலு, லின்டர்ம்பாங்க, அதை நைட்ரிக் ஆசிட்ல போட்டு பண்றது. அந்த லின்டரை சீனா கிட்ட வாங்க வேண்டியிருக்கேன்னு ஐரோப்பாக்காரன் 2024ல புலம்பினான். அதுக்கு முன்னாடி 2023 கடைசியிலயே விஸ்டா, உலகளவுல பவுடர் பற்றாக்குறை, ஜனவரியில இருந்து விலை ஏத்தறோம்னு டீலருங்களுக்கு லெட்டர் போட்டுச்சு. மாடு திங்கற பருத்திக்கொட்டைக்கும் என் கராஜுக்கும் இப்படி ஒரு சொந்தம்! (நம்ம நீலகிரி அருவங்காட்டுல கார்டைட் ஃபேக்டரி இருக்கே, ஊட்டி ரயில் பக்கத்துலயே போகும், அங்கயும் நூறு வருஷத்துக்கு மேல இந்த சங்கதிதான். சின்ன வயசுல ஜன்னல்ல எட்டி பாத்து என்னமோ பிஸ்கட் கம்பெனின்னு நினைச்சிருக்கேன்.)

விலை மட்டும் பாத்து இதுல வர்றவங்களுக்கு இன்னொரு விஷயம், இதை சொல்ல எனக்கே வெக்கமா இருக்கு. ரெண்டாவது வருஷம். மரக்கட்டையில ஐம்பது குழி, ஐம்பது கேஸ் நிக்க வச்சு வரிசையா பவுடர் போட்டுட்டு வரேன், நாலாவது வரிசையில அம்மா வாட்ஸப்ல கூப்பிட்டாங்க. சாப்டியா, குழந்தை என்ன பண்ணுதுன்னு பத்து நிமிஷம். வச்சுட்டு வந்து விட்ட இடம்னு நினைச்ச இடத்துல இருந்து போட்டேன், லைட் அடிச்சு உள்ள பாக்கல, நேரா குண்டை சொருகிட்டேன். அடுத்த வாரம் ரேஞ்சுல பதினோராவதோ பன்னெண்டாவதோ தோட்டா, “டம்”னு வர வேண்டியது “டொப்”னு வந்துச்சு, கையில உதையே இல்ல. என்னடா இதுன்னு ஸ்லைடை இழுத்து அடுத்ததை ஏத்திட்டேன், விரல் ட்ரிக்கர் பக்கம் போகுது, பக்கத்து லேன்ல இருந்து தாத்தா போட்ட சத்தத்துல மொத்த ரேஞ்சும் நின்னுடுச்சு. பவுடர் இல்லாம வெறும் ப்ரைமர் மட்டும் வெடிச்சு குண்டை பேரலுக்குள்ள பாதி வழி தள்ளி நிறுத்தியிருக்கு, அதுக்கு பின்னாடி இன்னொண்ணு சுட்டிருந்தா பேரல் வெடிச்சு என் கைவிரலோ பக்கத்து ஆள் கண்ணோ போயிருக்கும். ரேஞ்சு கடையில ஒரு பித்தளைக் கம்பியை விட்டு தட்டி அந்த குண்டை வெளிய எடுத்தாங்க, அது இப்பவும் என் பெஞ்சுல இருக்கு. மிச்சம் இருந்த தோட்டா எல்லாத்தையும் குண்டை கழட்டற சுத்தியல் மாதிரி புல்லர்ல தட்டி பிரிச்சேன், இன்னும் ஒண்ணு காலியா இருந்துச்சு. அதுலேந்து போன் கராஜுக்குள்ள வராது, ஒரு நேரத்துல பெஞ்சுல ஒரே பவுடர் டப்பா, சொருகறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு ஐம்பது குழியையும் பாக்கறது. அளவுக்கு மேனுவல்தான் வேதம், யாரோ இன்டர்நெட்ல சொன்ன அளவை போடாதீங்க, நான் சொன்னாலும் போடாதீங்க, அதனாலதான் இங்க ஒரு அளவும் எழுதல.

வீட்ல குழந்தை இருந்தா ஈயம் ஞாபகம் வேணும். சுட்ட பித்தளையில ஈயம் கலந்த ப்ரைமர் கசடு ஒட்டியிருக்கும், அந்த தூசியை மூச்சுல இழுக்கறதும் கழுவாத கையோட சோறு திங்கறதும்தான் ஆபத்து. கிச்சன் சிங்க்ல கழுவற வேலையே கூடாது. நான் ரேஞ்சுல குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கிட்டு வர்றதை பாத்து என் வீட்டம்மா “ஊர்ல அத்தை வச்சிருந்த பித்தளை அண்டாவை எடைக்கு போட்டுட்டு வந்தீங்க, இங்க வந்து பித்தளை பொறுக்கறீங்க”ம்பா. டம்ளர்ல தண்ணியும் சிட்ரிக் ஆசிட்டும் போட்டு சுத்த விட்டா தங்கம் மாதிரி வரும், அதை பாத்துட்டு “இதுக்கு ஒரு உருண்டை புளி போதாதா”ன்னா. அவ சொன்னதும் ஒரு வகையில சரிதான், ரெண்டும் புளிப்பு பண்ற வேலைதான்.

அப்ப ஏன்யா நீ மட்டும் பண்றன்னு கேப்பீங்க. என் மான் ரைஃபிள் 6.5 கிரீட்மோர்ங்கற ரகம். அதுக்கு கடையில போட்டியில சுடற தரத்துல நல்ல மேட்ச் தோட்டா ஒண்ணு ஒன்றரை டாலர், ரெண்டு டாலர். நான் பண்ணினா ஒரு டாலருக்குள்ள முடியுது, பித்தளையை அஞ்சாறு தடவைக்கு மேல ஓட்டலாம், என் பேரலுக்கு பிடிச்ச மாதிரி பண்றதால குறியும் கூடுது. வருஷத்துக்கு ஐநூறு சுட்டா போட்ட காசு ஒண்ணு ரெண்டு வருஷத்துலயே வந்துடும். 38 ஸ்பெஷல், 45 கோல்ட், தாத்தா காலத்து ரைஃபிள்னு கடையில எப்பவாவது எட்டி பாக்கற ரகம் வச்சிருக்கறவங்களுக்கும் இது சரி. அதுலயும் ஒரு கூத்து, ஒரு தோட்டாவுக்கு மிச்சம் பிடிக்கறேன்னு சொல்லிட்டு ரெண்டு மடங்கு சுடறதுல மாசக் கடைசியில செலவு அதேதான், இதை வீட்டம்மா கிட்ட நான் ஒத்துக்கிட்டதில்ல, அவ இந்த பதிவை படிக்க மாட்டாங்கற தைரியத்துல எழுதறேன்.

இப்பல்லாம் மாசத்துக்கு ஒரு பெட்டி ப்ரைமர், ரெண்டு மாசத்துக்கு ஒரு டப்பா பவுடர்னு கடையிலயே வாங்கிடறேன், ஆன்லைன்ல வாங்கினா ஆபத்தான சரக்குக்கு ஹாஸ்மேட் சார்ஜுன்னு தனியா தீட்டுவான். பத்தாயிரம் ப்ரைமருக்கு மேல வீட்ல வைக்கக்கூடாது, பவுடர் இருபது பவுண்டை தாண்டினா கெட்டியான மரப்பெட்டியிலதான் வைக்கணும்னு தீயணைப்பு விதி இருக்கு, அதுக்குள்ளதான் நிக்கறேன். நியூஸ்ல எதையாவது பாத்து பத்து பெட்டி அள்ளிட்டு வர்ற ஆளுங்களை பாத்தா இப்பவும் எரிச்சல்தான் வரும், தட்டுப்பாட்டுல பாதி அவங்க பண்றது.

இவ்வளவையும் பார்க்கிங்ல நின்னு சொல்லி முடிச்சேன். தம்பி பொறுமையா கேட்டுட்டு “சரி அண்ணா, அப்ப பிரஸ் வாங்கிடறேன், உங்ககிட்ட இருக்கற ப்ரைமர்ல ஒரு ஆயிரம் குடுங்க”ன்னான். நேத்து ராத்திரி அலமாரியை திறந்து எண்ணினேன், எட்டாயிரத்து சொச்சம் இருக்கு. சனிக்கிழமை வந்து ஒரு பெட்டி எடுத்துட்டு போடான்னு சொல்லியிருக்கேன். விலை எவ்வளவுன்னு கேட்டு மெசேஜ் போட்டிருக்கான், இன்னும் பதில் போடல.